பானம் ஒன்று

பெட்டி ஒரு டிபன் டப்பா அளவுதான் இருந்தது. குழந்தைவேலு அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கினார்.

“பதினாலு நாளுங்க. துணி போட்டு மூடக்கூடாது. நகத்தக்கூடாது. நான் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாத்துட்டுப் போவேன். அவ்வளவுதானுங்க.”

சமையலறையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்ப்பவர். அவர் மனைவி பிலோமிக்கு மீன் ஆலையில் வேலை. ஜோவிட்டா, ரெமிஜியுஸின் அக்கா மகள். வயது பதினேழு. பதினெட்டு ஆக இன்னும் பதினைந்து நாள்.

தூத்துக்குடியிலிருந்து இந்த வடக்குத் துறைமுகத்துக்கு வந்து பதின்மூன்று வருடம். அக்காவும் அவள் கணவரும் ஒரே விபத்தில் போனார்கள். ஆறு மாதம் கழித்து ரெமிஜியுஸ் விமானம் ஏறியபோது, பிலோமியின் மடியில் ஜோவிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். தத்துப் பத்திரம் எழுதியிருக்கலாம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தாய்மாமன் எதற்குப் பத்திரம் எழுத வேண்டும்?

இந்த நாட்டுச் சட்டத்தில் குடும்பம் என்றால் பெற்றோர், பிள்ளைகள். மாமன் அதில் இல்லை. பதினெட்டு முடியும்வரை பராமரிப்பில் உள்ள குழந்தை. முடிந்த மறுநாள் முதல் தனிநபர். தனிநபர் முப்பது நாளில் வந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

“மொட்ட போட்டது என் மடியில. காது குத்துனது என் மடியில. அதெல்லாம் எழுதுறதுக்கு ஒங்க ஃபாரத்துல எடம் இல்லியே அண்ணாச்சி” என்றார் ரெமிஜியுஸ்.

“அதுக்குத்தானுங்க இந்தப் பெட்டி. மூணு வருசமாத்தான் இருக்குது. இது குடும்பம்னு சொல்லிச்சுன்னா குடும்பம்.”

“நாங்க பேசுறது பூரா கேக்குமோ?” பிலோமி கேட்டார்.

“பேச்சு கேக்காதுங்க. அர்த்தம் அதுக்குத் தெரியாது. நேரத்த மட்டும் அளக்கும். யாரு எப்பப் பேசறாங்க, யாரு எப்ப நகர்றாங்க. நாப்பதாயிரம் வீட்டுல வெச்சுக் கத்துக்கிச்சுங்க. கடைசி நாள் ஒரு எண் சொல்லும். அறுபதும் அதுக்கு மேலயும்னா குடும்பம்.”

“அறுபதுக்குக் கீழ வந்தா?”

கேட்டது ஜோவிட்டா. குழந்தைவேலுவிடம் அச்சடித்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“வராதுன்னு நெனச்சுக்குவமுங்க” என்றார்.

பிலோமி அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். “காவல் சம்மனசு மாரி இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெட்டிக்குத் தேவதூதனின் பெயர், சம்மனசு.

“டீ குடிச்சிட்டுப் போங்க.”

ஆய்வுக்குப் போகும் வீட்டில் ஆய்வாளர் எதையும் உண்ணக்கூடாது. பானம் ஒன்று அருந்தலாம், குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒன்பதாம் விதி. குழந்தைவேலு டீயைக் குடித்தார். “நன்றிங்க, நல்லா இருந்துச்சுங்க” என்றார். மாடிப்படியில் நின்று எழுதினார்: பானம் ஒன்று.

*

மறுநாள் எண் ஐம்பத்தேழு. அதைக் கையிலிருந்த கருவியில் பார்த்தார். ஆய்வாளர் மட்டும்தான் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் சொன்னால் சோதனை செல்லாது. முதல் நாளுக்கு ஐம்பத்தேழு நல்ல எண்.

மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிலோமியின் கையெழுத்து. ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேசவும். தயவுசெய்து என்று சொல்லவும். நன்றி என்று சொல்லவும். கத்தக் கூடாது. கத்தக் கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு.

“நேரத்த அளக்கும்னு சொன்னீங்கல்லா? அதான்” என்றார் பிலோமி. “இந்த ஊர்க்காரவுக எப்பிடிப் பேசுதாங்களோ அப்பிடி. ஒருத்தர் முடிச்சு, மூச்சு விட்டு, அப்புறம் இன்னொருத்தர்.”

ரெமிஜியுஸ் தொண்டையைக் கனைத்தார். “ஜோவிட்டா, தயவுசெய்து அந்தத் தண்ணீரை எடுத்துத் தர முடியுமா?”

ஜோவிட்டா இரண்டு நொடி காத்தாள். “கண்டிப்பாக மாமா.” எடுத்துக் கொடுத்தாள்.

“நன்றி.”

“பரவாயில்லை மாமா.”

ரெமிஜியுஸுக்கு வியர்த்திருந்தது.

குழந்தைவேலு கருவியைப் பார்த்தார். நாற்பத்தாறு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி கற்றுக்கொண்ட நாற்பதாயிரம் வீடுகளில் யாரும் யாரையும் பேசி முடிக்க விடவில்லை. அது அவருக்குத் தெரியும். சொல்ல முடியாது.

அன்று டீக்குப் பதிலாகத் தம்ளரில் ரசம் வந்தது.

“இது பானந்தான அண்ணாச்சி?”

“தம்ளர்ல இருந்தா பானந்தானுங்க.”

நாலாம் நாள் ரசத்துக்கு அடியில் சோறு கிடந்தது. குழந்தைவேலு பிலோமியைப் பார்த்தார். பிலோமி சம்மனசைப் பார்த்தார். பானம் ஒன்று என்று எழுதினார். எண் நாற்பது.

ஐந்தாம் நாள் ஸ்பூனும் வந்தது. அவர் சாப்பிட, பிலோமி கேட்டார். வீட்டாரிடம்தான் தாளில் எழுதிய மரியாதை. அவரிடம் வழக்கம்போல.

“ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“கோபி பக்கமுங்க. கல்யாணம் காச்சி இல்லீங்க. அண்ணன் பசங்க இருக்கறாங்க. வீட்டப் பிரிச்சுக்கிட்டாங்க. தோப்பு ஒண்ணு இருந்துச்சு, இப்ப அதுக்கு நடுவுல பைபாஸ் ரோடு போகுதுங்க.”

“அப்ப இங்கயே இருந்துருவீகளோ?”

“எங்கீங்க. மூணு மாசத்துல அறுபது ஆகுது. ஒப்பந்தம் முடிஞ்சா நானும் தனிநபர்தானுங்க. முப்பது நாள்.”

“இது என்ன கூத்து? ஊருக்கெல்லாம் குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டு ஒங்களுக்கு ஒண்ணுமில்லியா?”

“விதிங்க” என்றார். ஸ்பூனை வைத்தார். “நன்றிங்க, நல்லா இருந்துச்சுங்க.”

எண் முப்பத்தைந்து.

*

எட்டாம் நாள் ஜோவிட்டா குப்பைப் பையோடு அவர் பின்னாலேயே படியிறங்கி வந்தாள். கீழே பனி கொட்டியிருந்தது.

“சார், ஒண்ணு கேக்கட்டா?”

“எண்ணத் தவிர எது வேணாக் கேளு கண்ணு.”

“எண் எனக்குத் தெரியும். ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

அவர் கையுறையை மாட்டினார்.

“தூத்துக்குடில சிஸ்டர்ஸ் நடத்துற ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டேன். எடம் இருக்குன்னு பதில் வந்துட்டு. டிக்கெட்டும் பாத்து வச்சிருக்கேன். மாமாவுக்குத் தெரியாது. கடைசி நாள் சொல்லிக்கிடுவேன்.”

“ஏங் கண்ணு? கப்பல் எஞ்சின் படிப்புல சேரப் போறேன்னு சொன்னியே. எடமெல்லாம் குடுத்துட்டாங்கன்னு.”

“அது குடும்ப அட்ட இருந்தாத்தான். அட்ட இல்லன்னா நான் போயித்தான ஆகணும். நான் போறேன்னா மாமா வேலைய விட்டுட்டு என்கூடக் கெளம்பி வந்துருவாரு. எனக்குத் தெரியும். பதிமூணு வருசமா கிரேன் மேல இந்தக் குளிர்ல நின்னிருக்காரு. அத்த கை வெரலெல்லாம் ஐஸ்ல வெந்து கெடக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போயி என்ன செய்வாங்க?” குப்பைப் பையைத் தொட்டியில் எறிந்தாள். “முன்னாலயே நான் ஏற்பாடு பண்ணிட்டா, அவுங்க வரவேண்டாம். ஒங்க கிட்டதான் சொல்லுதேன். நீங்க எதையும் வெளிய சொல்லமாட்டீங்கல்லா.”

“சொல்லமாட்டேன்” என்றார்.

ரயிலில் உட்கார்ந்தபோது போன வருடத்து வீடு ஒன்று நினைவுக்கு வந்தது. கரூர்க்காரர்கள். நல்லமுத்து, மரகதம். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம், பதிவுப் பத்திரம் இல்லை. இருவரும் பேசுவதே இல்லை. பேச ஒன்றும் பாக்கியில்லை. நல்லமுத்து செய்தித்தாளை எடுக்கும் முன்பே அவர் தட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி வந்துவிடும். மரகதம் வைப்பார். சத்தமில்லாமல் வைப்பார். பதினான்கு நாளும் குழந்தைவேலு அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பெட்டியால் பார்க்க முடியவில்லை. எண் பதினெட்டு வந்தது. அவர்தான் கையெழுத்துப் போட்டார். மரகதம் இப்போது கரூரில் இருக்கிறார்.

கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதி.

*

ஒன்பதாம் நாள் எண் இருபத்தொன்பது.

தம்ளர் மாறிக் கிண்ணம் வந்திருந்தது. கிண்ணத்தில் மீன் குழம்பு. அடியில் சோறு. “குழம்பும் பானந்தான். கெட்டியான பானம்” என்றார் பிலோமி. பிறகு கணவர் பக்கம் திரும்பி, மூச்சு விட்டு, “நீங்களும் தயவுசெய்து உட்காருங்கள்” என்றார்.

“நன்றி” என்றார் ரெமிஜியுஸ். உட்கார்ந்தார். ஜோவிட்டா உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. ஒருவர் பேசட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். வெளியே பனிவாரும் வண்டி போகும் சத்தம் கேட்டது.

குழந்தைவேலு விதிப்புத்தகத்தை மனதில் புரட்டினார். எண்ணைச் சொல்லக்கூடாது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லக்கூடாது. வேறு எதைச் சொல்லக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

“பொண்ணு தூத்துக்குடி ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டிருக்குதுங்க” என்றார். “எடமும் கெடச்சிருச்சாமாங்க.”

கரண்டி தரையில் விழுந்தது.

“சார்!”

“எந்த ஹாஸ்டல்?” என்றார் ரெமிஜியுஸ்.

“மாமா, நானே சொல்லணும்னுதான்...”

“எந்த ஹாஸ்டல்னு கேக்கேன்!”

“தயவுசெய்து கத்தா...”

“தயவும் மயிரும்! நீ சும்மா இரு பிலோமி!”

“நான் எதுக்கு இருக்கணும் சும்மா? ஏட்டி, எங்கிட்டயுமா சொல்லல?”

“சொன்னா ஒடனே மாமாகிட்டப் போயி...”

“சொல்லத்தான் செய்வேன்!”

“அதான் சொல்லல!”

“ஹாஸ்டல்ல யாருட்டி ஒனக்கு மீன் முள்ளு எடுத்துத் தருவா? தூத்துக்குடில பொறந்த பிள்ளைக்கு முள்ளு எடுக்கத் தெரியல!”

“எனக்கு முள்ளு எடுக்கத் தெரியும்! நீங்கதான் எடுக்க விடமாட்டிக்கீங்க! பதிமூணு வருசமா!”

“தொண்டைல குத்துனா யாரு பாக்க? நீ அஞ்சு வயசுல...”

“அந்தக் கதய இப்ப ஆரம்பிக்காதீங்க அத்த!”

ரெமிஜியுஸ் எழுந்து நின்றார். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இவ செஞ்சது சரியா?”

“அவரு என்ன சொல்லுவாரு? யூதாஸ்!” என்றாள் ஜோவிட்டா. “நம்பிச் சொன்னேன். காட்டிக் குடுத்துட்டாரு. யூதாஸ்!”

குழந்தைவேலு தொப்பியை எடுத்தார். “நான் அப்பறமா வர்றனுங்க...”

“உக்காருங்க!” மூவரும் ஒரே குரலில்.

உட்கார்ந்தார். அடுத்த பத்து நிமிடம் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிலோமி அழுதுகொண்டே திட்டினார். ரெமிஜியுஸ் ஜோவிட்டாவின் அம்மாவைத் துணைக்கு அழைத்தார். ஜோவிட்டா விமான டிக்கெட்டின் விலையைச் சொன்னாள், அதற்கு ஏன் என்று மாமாவும் அத்தையும் கேட்டார்கள், ஆனால் பதிலைக் கேட்கவில்லை. கடைசியில் குழந்தைவேலு மேசையில் ஓங்கித் தட்டினார். கிண்ணம் குதித்தது.

“அட, மூணு பேரும் சித்த வாய மூடுங்க!”

மூடினார்கள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் எந்த வீட்டிலும் அவர் குரலை உயர்த்தியதில்லை.

“புள்ள எதுக்கு அப்படிச் செஞ்சுதுன்னு கேளுங்க மொதல்ல.”

ஜோவிட்டா தட்டைப் பார்த்துச் சொன்னாள். மாமா வேலையை விட்டுவிடுவார் என்பதை. கிரேனை. அத்தையின் விரல்களை.

“நான் வேலைய விட்டுருவேன்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்றார் ரெமிஜியுஸ்.

“விடமாட்டீங்களா?”

ரெமிஜியுஸ் சன்னலைப் பார்த்தார்.

“எங்க விடாம இருக்க” என்றார் பிலோமி, மூக்கை உறிஞ்சி. “சூட்கேஸ்ல துணி எடுத்து வச்சு மூணு வாரமாச்சு. கட்டிலுக்கு அடில கெடக்கு. என் துணியும் அதுலதான் இருக்கு.”

ஜோவிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அழுதாள். பிலோமி அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, அதே கையால் அவள் தட்டிலிருந்த மீனை எடுத்து முள் நீக்கத் தொடங்கினார்.

குழந்தைவேலு வெளியே வந்தபோது மணி ஏழே முக்கால். ஆய்வுக்கு விதித்த நேரம் இருபது நிமிடம். குறிப்பேட்டைத் திறந்தார். பானம் ஒன்று.

*

ஃப்ரிட்ஜில் இருந்த தாள் மறுநாள் இல்லை. மீன் செதிலைச் சுற்றிப் போட்டுவிட்டதாகப் பிலோமி சொன்னார்.

எண் நாற்பத்தொன்று. பிறகு ஐம்பத்துநான்கு. பன்னிரண்டாம் நாள் அறுபத்திரண்டு. அன்று குழந்தைவேலு மாடிப்படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்துக் கட்டினார்.

ஜோவிட்டா அவரோடு பேசவில்லை. கிண்ணத்தை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அவர் உள்ளே வந்தால் அறைக்கதவைப் படாரென்று சாத்தினாள்.

“குழம்பு கொண்டா” என்று பிலோமி உள்ளே பார்த்துக் கத்துவார்.

“யூதாஸையே எடுத்துக்கிடச் சொல்லுங்க” என்று பதில் வரும்.

“கோவத்துல இருக்கா அண்ணாச்சி. எங்க அக்கா மாரியே. ஒரு வாரத்துக்குக் கொறையாது” என்பார் ரெமிஜியுஸ். அவரே எழுந்துபோய்க் குழம்பு எடுத்து வருவார். வரும்போதே துறைமுகத்து மேலாளரைப் பற்றி ஒரு கதையைப் பாதியில் தொடங்குவார். பிலோமி அதன் முடிவைச் சொல்லிவிடுவார்.

பதினான்காம் நாள் எண்பத்தொன்று.

குழந்தைவேலு நாற்காலியில் ஏறிப் பெட்டியை எடுத்தார். அதன் அடியில் தூசியில்லாத ஒரு சதுரம் இருந்தது. மூவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் மெனக்கெட்டு முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுங்க.”

*

இயக்குநர் ஆஸ்த்ரித் மெலிந்த, நேரான பெண்மணி. மேசை மேல் ஒரு மொழிபெயர்ப்பான் இருந்தது. அவர் தன் மொழியில் பேச, அது சுத்தமான எழுத்துத் தமிழில் சொன்னது.

“வணக்கம். தங்கள் எண் எண்பத்தொன்று. வாழ்த்துகள்.”

பிலோமி ரெமிஜியுஸின் கையைப் பிடித்தார்.

“எனினும் ஒரு சிக்கல் எழுந்துள்ளது. விண்ணப்பத்தில் மூவர் உள்ளனர். பெட்டி நால்வரைக் கண்டறிந்துள்ளது. நான்காவது நபரை எங்கே மறைத்து வைத்துள்ளீர்கள்?”

சுவரோரம் நின்ற குழந்தைவேலு தன் கருவியைப் பார்த்தார். அதில் எண் மட்டும்தான் வரும். ஆள் கணக்கு கடைசி அறிக்கையில்தான்.

“யாரும் இல்லம்மா” என்றார் ரெமிஜியுஸ். “நாங்க மூணு பேருதான்.”

“அறிவிக்காத உறுப்பினர் இருந்தால் விண்ணப்பம் முழுவதும் தள்ளுபடி செய்யப்படும். தயவுசெய்து சிந்தித்துப் பதில் கூறுங்கள்.”

“பாதர் ஒரு நாள் ஜெபம் பண்ண வந்தாரு” என்றார் பிலோமி. “அவராத்தான் இருக்கும்.”

“பாதர் பேசி முடிக்கிறவரைக்கும் நாம வாயே தெறக்கலியே அத்த” என்றாள் ஜோவிட்டா.

“சொற்களை நாங்கள் சேமிப்பதில்லை” என்றது மொழிபெயர்ப்பான். “அடையாளத்துக்காக ஒவ்வொரு குரலிலும் மூன்று நொடி மட்டும் உண்டு. நான்காவது குரலைக் கேளுங்கள்.”

இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

*அட, மூணு பேரும் சித்த வாய மூடுங்க!*

முதலில் பிலோமிதான் சிரித்தார். வாயில் முந்தானையை வைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. ரெமிஜியுஸின் தோள் குலுங்கியது. இயக்குநர் மெல்லத் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். குழந்தைவேலுவின் காது சிவந்திருந்தது.

“பதினான்கு நாளும் ‘பானம் ஒன்று’ என்று எழுதியுள்ளீர்கள்.”

“ஆமாங்க.”

“என்ன பானம்?”

“டீங்க. அப்பறம் ரசமுங்க.” நிறுத்தினார். “அப்பறம் மீன் குழம்புங்க.”

“மீன் குழம்பு பானமா?”

“கெட்டியான பானம்மா” என்றார் பிலோமி. மொழிபெயர்ப்பான் அதையும் சொன்னது.

குழந்தைவேலு முன்னால் வந்தார். “தப்பு என்னோடதுங்க. இவங்க மேல ஒண்ணுமில்ல. என்னைய எடுத்துட்டு மூணுன்னு எழுதிடுங்க.”

“இயலாது. பெட்டியின் முடிவில் மனிதர் கை வைக்கக் கூடாது. மனிதர்கள் கை வைத்ததால்தான் பெட்டி வந்தது. இவர்கள் நால்வர் குடும்பம். அல்லது பெட்டி தவறு. தவறென்றால் முழுவதும் தவறு. இந்தப் பெண்ணும் குடும்பம் இல்லை.” இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் ஆய்வாளர். மாலையில் இருபது நிமிடம் வந்து போகும் அந்நியர். அப்படித்தானே?”

அதற்கு உண்மையான பதில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றால் ஜோவிட்டா போக வேண்டும். இல்லை என்றால் பொய். பொய்தானா?

“அந்நியர் இல்ல” என்றாள் ஜோவிட்டா.

ஐந்து நாளாக அவரோடு பேசாதவள் இப்போதும் அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

“இவரு எங்க ரகசியத்தப் போட்டு ஒடச்சாரு. நான் இவரு கூடக் காய். அஞ்சு நாளா பேசல. ரோட்டுல போற ஆளுகிட்ட யாராவது கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருப்பாங்களா?”

இயக்குநர் மொழிபெயர்ப்பானை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

“நால்வர்” என்றார். அவரே அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

பிலோமி ஜோவிட்டாவை இழுத்து அணைத்துக்கொண்டார். ரெமிஜியுஸ் உட்கார இடம் தேடி, தரையிலேயே உட்கார்ந்தார்.

“திரு குழந்தைவேலு” என்றது மொழிபெயர்ப்பான். “விண்ணப்பதாரரின் உறவினர் ஆய்வாளராக இருக்க இயலாது. தங்கள் பணி இன்றோடு முடிகிறது.”

“சரிங்க.”

“தங்கள் தங்கும் அனுமதி மூன்று மாதத்தில் முடிவதாக இருந்தது.” இயக்குநர் தாளைப் புரட்டினார். “இனி அது முடிவடையாது. குடும்ப அட்டைக்கு விண்ணப்பியுங்கள். படிவம் எங்கே கிடைக்கும் என்று தங்களுக்குத் தெரியும்.”

*

படிவத்தை ஜோவிட்டாதான் நிரப்பினாள். அன்று அவளுக்குப் பதினெட்டு. கேக்கின் மீதி மேசையில் இருந்தது. குழந்தைவேலு எதிரே உட்கார்ந்து வேறொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டுக் குழுவுக்கு, மரகதத்துக்காக. வேலையில் இருந்தவரை வாயைத் திறக்க முடியாது. இப்போது வேலை இல்லை.

“கண்ணாடிய எத்தன தடவ வச்சாங்கன்னு எழுதுங்க” என்றாள் ஜோவிட்டா, அவர் தாளை எட்டிப் பார்த்து. “பதினாலு நாளும்னு எழுதுங்க. அப்புறம் இந்த எடத்துல வினைச்சொல் கடைசில வராது. இந்த ஊரு மொழில நடுவுல வரும்.”

“நீ ஒன் வேலையப் பாரு.”

“என் வேல நின்னு போச்சு. உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?”

பன்னிரண்டு வருடம் ஊருக்கெல்லாம் அவர் நிரப்பிக் கொடுத்த கட்டம். பேனாவைக் கையில் உருட்டினார்.

“அண்ணாச்சின்னு போடு” என்றார் ரெமிஜியுஸ், அடுப்படியிலிருந்து.

“மளிகக் கடைக்காரர்னு நெனச்சுக்கிடுவாங்க மாமா. யூதாஸ்னு போட்டுரட்டா?”

“போடு கண்ணு. எனக்கென்ன.”

“பெறவு போட்டுக்கிடலாம்” என்றார் பிலோமி. “ஒடனே போடாட்டா ஒண்ணும் கொறஞ்சு போகாது. தாள எடுங்க ரெண்டு பேரும். சோறு வைக்கணும்.”

தட்டு வந்தது. கிண்ணம் இல்லை, தம்ளர் இல்லை. தட்டு. குழந்தைவேலு குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இந்த வீட்டில் இதுவரை அவர் சொன்னதெல்லாம் நன்றிங்க, நல்லா இருந்துச்சுங்க.

“குழம்புல சித்த உப்பு...”

“ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கு, எடுத்துப் போட்டுக்கிடுங்க” என்றார் பிலோமி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எழுந்து கையை நீட்டினார். உப்பு டப்பா அந்தச் சதுரத்தில் இருந்தது.